விருந்தாளி 11 பேர், ஆடு 3, கோழி 14: முதல் குளிர்கால விடுமுறையை எப்படிச் சமாளிப்பது?

கொட்டில்வாசல் | டிசம்பர் 4, இரவு 9.10

வணக்கம். இந்தப் பண்ணை வீட்டில் எங்களுக்கு இது முதல் குளிர்காலம். ஆடு 3: கறவை 2, காயடித்த கிடா 1. கோழி 14, வீட்டை விற்றவர்கள் அப்படியே விட்டுப்போனவை. நாய் ஒன்று, வேலைக்கு ஆகாது.

இதுவரை ஆண்டுக் கடைசி விடுமுறை என்றால் மாமியார் வீடுதான். நாலு நாள். ராத்திரி முழுக்கச் சீட்டாட்டம், மதியம் வரை தூக்கம், பிறகு ஒரு பெரிய சாப்பாடு. எனக்கும் பிடித்த நாட்கள்தான், பொய் சொல்லவில்லை. இந்த முறை பேச்சு வந்தபோது "ஆட்டை யார் கறப்பது?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நாத்தனார், "நீங்கள் வர முடியாதென்றால் நாங்கள் எல்லாரும் அங்கே வருகிறோம்" என்று சொல்லிவிட்டார். 11 பேர். எங்கள் வீட்டில் குளியலறை ஒன்று.

கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. நேற்று 14 கோழிக்கு ஒரே முட்டை. காலையில் தண்ணீர்த் தொட்டி கல்லாகக் கிடக்கிறது. இதெல்லாம் இருக்கட்டும். என் பெரிய மகளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 6. "இனிமேல் நமக்கு விடுமுறையே கிடையாதா அம்மா?" என்று பெரியவள் கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்களெல்லாம் இந்த நாட்களை எப்படி நடத்துகிறீர்கள்?

பழையமண்வெட்டி | டிசம்பர் 4, இரவு 10.02

வாங்கம்மா. 23 குளிர்காலம் பார்த்தவன் சொல்கிறேன். ஆட்டுக்கு நாட்காட்டி தெரியாது. ஆனால் அதன் உடம்புக்குள் ஒரு நாட்காட்டி ஓடுகிறது, நாம் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி சுமை குறையும்.

கறவை இரண்டும் சினையா? எப்போது வெளிக் கிடாவோடு விட்டீர்கள்? ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஈனுவதற்கு 60 நாள் முன்னால் பாலை வற்ற விட வேண்டும், மடிக்கு ஓய்வு. அந்த இரண்டு மாதம் உங்களுக்கும் ஓய்வு. அதனால்தான் பழைய பண்ணைக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் நாலு பேரைப் பார்க்கப் போகவர நேரம் கிடைத்தது.

கொட்டில்வாசல் | டிசம்பர் 4, இரவு 10.15

அக்டோபர் முதல் வாரம் விட்டோம் அண்ணா. இரண்டும் சினைதான்.

பழையமண்வெட்டி | டிசம்பர் 4, இரவு 10.31

அப்படியென்றால் குட்டி மார்ச் முதல் வாரம். பால் நிறுத்துவது ஜனவரி தொடக்கத்தில். இந்த விடுமுறைக்குள் முடியாது. ஆனால் இரண்டு வேளைக் கறவையை இப்போதே ஒரு வேளையாக்குங்கள். எப்படியும் பால் குறைந்துகொண்டு வரும் நேரம் இது. விருந்தாளி வரும்போது காலையில் மட்டும் கறந்தால் போதும், மாலை உங்களுடையது.

"அடுத்த ஆண்டு ஒரு மாதம் முன்னால் சேர்த்தால் டிசம்பரில் மடி காய்ந்திருக்குமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒருமுறை செய்தும் பார்த்தேன். குட்டி பிப்ரவரி தொடக்கத்தில் விழுந்தது, கடுங்குளிர். ராத்திரி 2 மணிக்குக் கொட்டிலில் துண்டை வைத்துக்கொண்டு ஈரக் குட்டியைத் துடைத்தேன். இருந்தும் ஒன்றுக்குக் காது நுனி உறைந்து கருகி விழுந்துவிட்டது. அந்த ஆட்டுக்கு வீட்டில் "பாதிக்காது" என்றே பெயர் நிலைத்தது. நாலு நாள் தூக்கத்துக்கு ஆசைப்பட்டு ஒரு மாதத் தூக்கத்தை விட்டேன். நீங்கள் வைத்திருக்கிற அக்டோபர் கணக்கே நல்ல கணக்கு. (தென்கோளத்தில் இருப்பவர்கள் மாதங்களை ஆறு தள்ளி வாசியுங்கள்.)

குளிர் கூடுகிற ராத்திரிகளில் தானியத் தீவனம் அள்ளிப் போடாதீர்கள், காய்ந்த புல்லைக் கூட்டிப் போடுங்கள். புல் இரைப்பையில் நொதிக்கும்போது வருகிற சூடுதான் ஆட்டுக்கு அடுப்பு. தண்ணீரை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். முக்கியமாக அந்தக் காயடித்த கிடாவுக்கு. ஐஸ் தண்ணீர் என்றால் குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். விடுமுறை நாளில் மருத்துவரைத் தேடுவது பெரும்பாடு.

வெடைக்கோழி | டிசம்பர் 5, காலை 6.20

முட்டைக் கவலை வேண்டாம். கோழிகளுக்கு என்ன வயது? ஒன்றரை வயதைத் தாண்டியவை என்றால் இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்து, இப்போது புது இறகு முளைப்பித்துக்கொண்டிருக்கும். இறகு பெரும்பாலும் புரதம். முட்டைக்கும் அதுவே வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய உடம்பு ஒத்துக்கொள்ளாது. கூடவே பகல் குறுகிவிட்டது. நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை, மண்டையோட்டுக்குள் ஊடுருவும் ஒளியை மூளையே நேராக உணரும். அந்த ஆண்டுதான் பொரித்த வெடைக்கோழிகள் மட்டும் முதல் குளிர்காலம் முழுக்க இட்டுக்கொண்டிருக்கும். என் புனைபெயர் அங்கிருந்து வந்தது.

விளக்கு போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நான் போடுவதில்லை. அதற்கும் ஓய்வு வேண்டாமா?

கூண்டைச் சூடாக்கத் தயவுசெய்து வெப்ப விளக்கு மாட்டாதீர்கள். தூசி, இறகு, மரச்சீவல், நடுவில் கொதிக்கிற ஒரு பல்பு. கூண்டு எரிந்த கதைகளில் முக்கால்வாசி அங்கே தொடங்குபவைதான். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி பக்கம், மேலே இறகுப் போர்வை. அதற்குக் குளிர் எதிரி இல்லை, ஈரம்தான் எதிரி. ராத்திரி 14 கோழி விடுகிற மூச்சும் எச்சமும் சேர்ந்து கூண்டுக்குள் ஈரமாகும், அந்த ஈரம் கொண்டையில் படிந்து உறையும். உட்காரும் கட்டைக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்றுப் போக வழி இருக்கட்டும். கட்டை உருண்டையாக இருந்தால் மாற்றி, அகலமான தட்டைப் பலகை போடுங்கள். விரலை முழுக்க மடக்காமல் அப்படியே குந்தி, வயிற்று இறகால் கால் விரலை மூடிக்கொள்ளும்.

வாரக்கடைசி | டிசம்பர் 5, காலை 8.45

நான் விளக்கு போடுகிறவன். வெடைக்கோழி அக்கா கோபப்பட வேண்டாம். சூட்டுக்காக இல்லை, வெளிச்சத்துக்காக, ஒரு சின்ன எல்இடி. டைமர் வைத்து அதிகாலையில் மட்டும் எரிய விடுவேன். மாலையில் எரியவிட்டுப் பட்டென்று அணைத்தால் கோழி கட்டையில் ஏறுவதற்குள் இருட்டாகித் தரையிலேயே தவிக்கும். காலையில் என்றால் விளக்கிலிருந்து விடியலுக்கு இயல்பாகப் போய்விடும். முட்டை வருகிறது, கோழியும் நன்றாகத்தான் இருக்கிறது.

பொதுவாக ஒன்று சொல்லட்டுமா? இந்த இழையில் எல்லாரும் கஷ்டத்தைப் புனிதமாக்குகிறீர்கள். அந்தம்மா கேட்டது விடுமுறையைப் பற்றி. பக்கத்துப் பண்ணைக்காரரோடு பேசி இந்த ஆண்டு அவர், அடுத்த ஆண்டு நீங்கள் என்று மாற்றிக்கொண்டால் போய்விட்டு வரலாமே. பிள்ளைகளுக்குப் பாட்டி வீடு என்று ஒன்று வேண்டாமா?

வெடைக்கோழி | டிசம்பர் 5, காலை 9.05

கோபமெல்லாம் இல்லை தம்பி. எல்இடி, காலை, டைமர் என்று மூன்றையும் சொன்னீர்களே, அதுவே பெரிய விஷயம். என் எண்ணம் மாறவில்லை. டிசம்பரில் முட்டை கிடைக்காதபோதுதான் பிப்ரவரியில் வரும் முட்டைக்கு மரியாதை.

பழையமண்வெட்டி | டிசம்பர் 5, மதியம் 1.15

வாரக்கடைசி சொல்வதை நான் மறுக்க மாட்டேன். நாங்கள் 11 ஆண்டு ஒரு பக்கத்து வீட்டாரோடு அப்படித்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். ஒரே நிபந்தனை: எழுதி வைக்கிற தாளில் "வழக்கம் போல" என்ற சொல்லே வரக் கூடாது. எங்கள் வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை "புல் வழக்கம் போல" என்று எழுதிவிட்டுப் போனோம். பரணில் இருந்ததை எல்லாம் நாலே நாளில் போட்டுத் தீர்த்துவிட்டார், பாவம். நல்ல மனிதர். ஆடுகள் அதன்பிறகு அவரைக் கண்டாலே கத்தின.

ஆனால் முதல் குளிர்காலத்தில் வீட்டை விட்டுப் போகாதீர்கள். எந்தக் குழாய் முதலில் உறைகிறது, எந்தப் பக்கக் காற்று கதவை அடைக்கிறது என்று அந்த வீடு இன்னும் உங்களுக்குக் காட்டவில்லை. வருகிறவர்கள் வரட்டும்.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் கொட்டில் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதும் பழக்கம் உண்டு. முதல் பனி எந்தத் தேதி, கடைசி முட்டை எந்தத் தேதி, விடுமுறைக்கு யார் யார் வந்தார்கள், முதல் குட்டி எப்போது. வேறு ஒன்றும் இல்லை. விருந்தாளிகள் கிளம்புவதற்கு முன் எல்லாரும் கொட்டிலுக்கு வந்து அவரவர் பெயரை அவரவர் கையால் எழுத வேண்டும். என் மகன் பெயர் கீழே முழங்கால் உயரத்தில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஒரு ஆண்டு ரொம்பக் கோபத்தில் இருந்தான் போல, அழுத்திய அழுத்தில் பலகையில் குழியே விழுந்திருக்கிறது. என்ன சண்டை என்பது யாருக்கும் நினைவில்லை.

தணல் | டிசம்பர் 5, இரவு 7.40

யாரும் அடுப்பைப் பற்றிப் பேசவில்லையே! விறகு அடுப்பு இருக்கிறதா? 11 பேர் என்றால் அதில் இரண்டு பேராவது "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டையைத் திணிப்பார்கள். நெருப்பைக் கிளறுவதற்கு ஆள் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

விறகு உலர்ந்திருக்க வேண்டும், ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள். ஈரமானி வைத்திருந்தால் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்க்காதீர்கள், அது எப்போதும் காய்ந்தே காட்டும். ஒன்றைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் குத்துங்கள். மானி இல்லையென்றால் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கிண்ணென்று கேட்கும், பச்சை தொப்பென்று கேட்கும். பச்சை விறகு எரியும்போது சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போகும், புகை குளிர்ந்து புகைபோக்கிச் சுவரில் தார் மாதிரிப் படியும். அதற்குக் கிரியோசோட் என்று பெயர். ஒருநாள் அது தீப்பிடித்தால் ரயில் ஓடுகிற சத்தம் கேட்கும் என்பார்கள். கேட்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்தாயிற்றா?

பரிசுப் பொருள் சுற்றிய காகிதத்தை அடுப்பில் போட விடாதீர்கள். குப்பென்று எரிந்து, எரிகிற துண்டுகள் மேலே பறந்து அந்தத் தாரைப் பற்றவைக்கும். அலங்கரித்து வைத்த ஊசியிலை மரம் இருந்தால் அதன் காய்ந்த கிளைகளும் அப்படித்தான், பிசின் நிறைந்தவை. ஆட்டுக்குப் போடுங்கள், ஆசையாகத் தின்னும். சாயமோ தெளிப்போ படாத மரம்தானா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். யூ என்ற ஊசியிலை மரத்தின் கிளை எந்த ரூபத்திலும் பட்டிக்குள் போகக் கூடாது, அது கொல்லும்.

இப்போது என் வெட்கக்கேடு ஒன்று. மூன்றாம் ஆண்டு, விடுமுறையின் இரண்டாம் நாள். அடுப்புச் சாம்பலை அள்ளினேன். கையை மேலே பிடித்துப் பார்த்தேன், சூடே இல்லை. பிளாஸ்டிக் வாளியில் கொட்டி முன்திண்ணையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மைத்துனர், "வெளியே ஏதோ நாறுகிறதே" என்றார். போய்ப் பார்த்தால் வாளி இல்லை. வாளி இருந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு தோசை, அதன் நடுவில் சாம்பல் குவியல், அதற்குள் சிவப்பாக இரண்டு கண். திண்ணைப் பலகையில் வட்டமாகக் கரி. இன்றைக்கும் அந்த வட்டம் இருக்கிறது, மேலே ஒரு தொட்டிச் செடி வைத்து மறைத்திருக்கிறேன். சாம்பல் போர்வைக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடி போட்ட உலோக வாளி, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, கல் தரையில். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்குப் புது பேட்டரி. இந்த இரண்டும் இல்லாமல் விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள்.

கொட்டில்வாசல் | டிசம்பர் 5, இரவு 9.30

தணல் அண்ணா, எங்கள் சாம்பல் வாளியும் பிளாஸ்டிக்தான். நீல நிறமே. இப்போதுதான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், நல்லவேளை குளிர்ந்துதான் இருந்தது. நாளைக்கே மாற்றுகிறேன். புகைபோக்கியை இலையுதிர் காலத்தில் சுத்தம் செய்தோம்.

கொட்டில் கதவு விஷயத்தைப் பெரியவளிடம் சொன்னேன். இப்போதே பென்சிலைச் சீவி வைத்துவிட்டாள்.

சாக்குமூட்டை | டிசம்பர் 6, காலை 11.00

நிலவறை இருக்கிறதா? 11 பேருக்குச் சமையல் என்றால் சேமிப்பைத்தான் திறக்கப் போகிறீர்கள். எங்கள் வீட்டில் விடுமுறையின் முதல் காலை "அழுகல் வேட்டை". பிள்ளைகள் கையில் டார்ச், உருளைக்கிழங்கு மூட்டைகளைக் கொட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் அழுகலைக் கண்டுபிடிப்பவருக்கு அன்று பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை. விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலை. ஒரு அழுகல் ஒரு மூட்டையைக் கெடுக்கும்.

அங்கே போகும்போதே ஆப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பிள் எத்திலீன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் கேரட் இருந்தால் கசக்கும், உருளைக்கிழங்கும் சீக்கிரம் முளைக்கும். கிழங்கை 4 டிகிரிக்குக் கீழே போக விடாதீர்கள், மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், வறுத்தால் கருத்துப்போகும். பூசணிக்கு அந்தக் குளிர் ஆகாது, 10 முதல் 15 டிகிரி வேண்டும், உலர்ந்த இடம். எங்கள் பூசணிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. விருந்தாளிகள் அங்கே காலை நீட்டி ஒருமுறை அலறியிருக்கிறார்கள்.

தேனடைக்காவல் | டிசம்பர் 6, மாலை 4.10

தேனீ வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: விருந்தாளி ஆசைப்படுகிறார் என்று பெட்டியைத் திறந்து காட்டாதீர்கள். உள்ளே எல்லாம் பந்தாகக் கூடி, இறக்கைத் தசையை அதிரவைத்துச் சூட்டைக் காத்துக்கொண்டிருக்கும். சுவரில் காதை வைத்து மெல்ல ஒரு தட்டு தட்டினால் உம்ம்ம் என்று பதில் வரும். பிள்ளைகளுக்கு அதுவே போதும். என் தங்கை மகன் ஒவ்வொரு ஆண்டும் வந்ததும் முதலில் போய்க் காது வைக்கிறான்.

வாரக்கடைசி | டிசம்பர் 6, மாலை 5.00

இன்னொன்று. பகல் குறைவு டிசம்பர் 21 அல்லது 22 ஆம் தேதியோடு முடிகிறது, சரி. ஆனால் மறுநாளிலிருந்து காலை சீக்கிரம் விடியும் என்று நம்பி ஏமாறாதீர்கள். மாலை இருட்டு அதற்கு முன்னாலேயே பின்வாங்கத் தொடங்கிவிடும், காலை இருட்டோ ஜனவரி முதல் வாரம் வரை இன்னும் கொஞ்சம் தாமதமாகிக்கொண்டே போகும். குளிரும் அப்படித்தான், உச்சம் பிறகுதான் வரும். நிலமும் நீரும் ஆறுவதற்கு நாளாகும். விருந்தாளிகள் கிளம்பிய பிறகுதான் உங்களுக்கு உண்மையான குளிர்காலம்.

கொட்டில்வாசல் | டிசம்பர் 6, இரவு 10.20

ஊக்கம் கொடுக்கத் தெரிந்தவர் நீங்கள். 😄

மாமியாரிடம் பேசினேன். "அங்கே வந்து நான் என்ன செய்வேன், எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்கிறார். விதைப் பெட்டியைத் தரம் பிரிக்கும் வேலையை அவருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா என்று யோசனை. பழைய விதைப் பொட்டலம் 40-க்கு மேல் இருக்கிறது, வீட்டோடு வந்தது.

சாக்குமூட்டை | டிசம்பர் 6, இரவு 10.45

நல்ல யோசனை. ஒவ்வொரு பொட்டலத்திலும் 10 விதை எண்ணி, ஈரக் காகிதத்தில் சுருட்டி, பெயர் எழுதி, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எத்தனை முளைக்கிறதோ அத்தனை பத்து விழுக்காடு. வெங்காய விதை ஓரிரு ஆண்டில் உயிரை விட்டுவிடும், அதில் நேரம் செலவழிக்காதீர்கள். தக்காளி விதை நாலு ஆண்டானாலும் பிழைக்கும். விருந்தாளி கிளம்பும் நாளில் பீன்ஸ் முளைத்திருக்கும்.

கொட்டில்வாசல் | டிசம்பர் 30, மதியம் 2.30

எல்லாரும் நேற்றுதான் கிளம்பினார்கள். வீட்டில் இன்னும் யாரோ பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.

முதலில் தோல்விகள். விதை விளையாட்டு ஓடவில்லை. மாமியார் 6 பொட்டலம் பிரித்தார், பிறகு கண் வலிக்கிறது என்று சீட்டுக்கட்டை எடுத்துவிட்டார். அன்று ராத்திரி 1 மணி வரை ஆட்டம், நானும் ஆடினேன், காலை 6 மணிக்குக் கொட்டிலில் நின்றபடியே தூங்கினேன். அழுகல் வேட்டையில் சின்னவன் அழுகலைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல் அதை அத்தையின் கைப்பையில் போட்டுவிட்டான். நாத்தனார் இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை குளியலறைக் குழாய் உறைந்தது, வீட்டில் 15 பேர். அந்தக் கதையை இங்கே எழுத முடியாது. வெளிச்சுவரை ஒட்டி ஓடுகிற குழாய். முதல் குளிர்காலத்தில் வீடு காட்டும் என்று சொன்னீர்களே, காட்டிவிட்டது.

எதிர்பாராமல் ஒன்று நடந்தது. ஆட்டுத் தொட்டி ரப்பர் தொட்டி. காலையில் கவிழ்த்து மேலே ஏறி மிதித்தால் பனிக்கட்டி வட்டமாக ஒரே துண்டாக விழும். முதல் நாள் பிள்ளைகள் அதைத் தூக்கி வேலிமேல் நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் இன்னொன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் முந்தின நாள் ராத்திரி விழுந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது: புல் துணுக்கு, ஒரு கோழி இறகு, ஒரு புழுக்கைகூட. நாலாம் நாள் நாலு வட்டம் வரிசையாக. வெயில் பின்னாலிருந்து படும்போது பார்க்க வேண்டும். அப்புறம் கொழுந்தனார் ஒரு வாளித் தண்ணீரை ராத்திரி வெளியே வைத்தார். காலையில் கவிழ்த்தால் மேலும் பக்கமும் மட்டும் உறைந்து, நடுவில் தண்ணீர். அதைக் கொட்டியதும் பனியில் ஒரு கிண்ணம். அதற்குள் மெழுகுவர்த்தி வைத்துக் கொட்டில் வாசலில் வைத்தோம். பிறகு தினமும் ஆளுக்கு ஒரு வாளி. வீட்டில் வாளியே மிஞ்சவில்லை, கறக்கிற பாத்திரத்தை மட்டும் நான் ஒளித்து வைத்தேன்.

ஏன் நடுவில் உறையவில்லை என்று பெரியவள் கேட்கிறாள். யாராவது சொல்லுங்கள்.

தணல் | டிசம்பர் 30, மாலை 6.15

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும், அதனால் உறைவது மேலிருந்து தொடங்கும். பக்கச் சுவர் குளிர்காற்றில் இருப்பதால் அதுவும் உறையும். அடியும் நடுவும் கடைசி. இன்னும் நாலு மணி நேரம் விட்டிருந்தால் நடுவும் உறைந்து, வாளியே பிளந்திருக்கும். உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கும். உங்கள் குளியலறைக் குழாய் வெடிக்காமல் தப்பியது அதிர்ஷ்டம். வெளிச்சுவர்க் குழாய்க்கு உறை சுற்றுங்கள், கடுங்குளிர் ராத்திரிகளில் குழாயை நூலளவு திறந்து விடுங்கள்.

மெழுகுவர்த்தியைக் கொட்டில் வாசலில் வைத்தீர்களா? உள்ளே புல் இருக்கிறதம்மா. அடுத்த முறை வேலி ஓரம்.

கொட்டில்வாசல் | டிசம்பர் 30, இரவு 8.00

சரி அண்ணா, வேலி ஓரம்.

பழையமண்வெட்டி | டிசம்பர் 30, இரவு 9.12

கதவில் எழுதினீர்களா?

கொட்டில்வாசல் | டிசம்பர் 30, இரவு 9.20

எழுதினோம். மாமியார் மட்டும் குளிரில் வர மாட்டேன் என்று கதவருகே போகவே இல்லை. கிளம்புகிற காலையில் காரில் உட்கார்ந்தபடி, "என் பெயரை நீயே எழுதிவிடு" என்றார். அதற்குப் பெரியவள், "அவரவர் கையால்தான்" என்று சட்டம் பேசினாள். கடைசியில் கதவைக் கழற்றிக் கொண்டுவர முடியாதென்பதால், ஒரு பலகைத் துண்டைக் காருக்குக் கொண்டுபோய் எழுத வாங்கி, கதவில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள்.

கதவில் இன்னொரு வரிசையும் இருக்கிறது. அடுத்த முட்டை எந்தத் தேதி வரும் என்று 15 பேரும் ஆளுக்கு ஒரு தேதி கட்டியிருக்கிறார்கள். கடைசி முட்டை டிசம்பர் 9. நாத்தனார் கட்டியது ஜனவரி 19, சின்னவன் ஜனவரி 6, கொழுந்தனார் "வராது" என்று எழுதியிருக்கிறார்.

வெடைக்கோழி | டிசம்பர் 30, இரவு 9.40

என் கணிப்பு பிப்ரவரி 2. விளக்கு போட்டு ஏமாற்றக் கூடாது.

வாரக்கடைசி | டிசம்பர் 30, இரவு 9.44

ஜனவரி 25. விளக்கு இல்லாமலேதான் சொல்கிறேன்.

கொட்டில்வாசல் | ஜனவரி 7, காலை 7.50

நாத்தனார் போனில்: "முட்டை வந்ததா?" அன்று இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தவர், இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை இதையே கேட்கிறார். இன்னும் வரவில்லை. சின்னவன் தோற்றுவிட்டான். நேற்று சாயங்காலம் இருட்டும்வரை கூண்டுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு கோழியிடமும் தனித்தனியாகப் பேசிப் பார்த்தான்.